டைட்டானியம் ஸ்டெம் உண்மையிலேயே அதிர்வைக் குறைக்குமா?

மவுண்டன் பைக் ஓட்டுகிறவர்களிடம் டைட்டானியம் ஸ்டெம் பற்றிக் கேட்டுப் பாருங்கள். ஒருவர், "மாட்டின அன்னைக்கே கை வலி போயிடுச்சு" என்பார். இன்னொருவர், "ஏத்தத்துல எழுந்து நின்னு மிதிச்சா ஹேண்டில் முறுக்கிக்கிட்டுப் போகுது" என்று குறைப்பட்டுக்கொள்வார். மூன்றாமவருக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை, பார்க்க அழகாக இருக்கிறது, அவ்வளவுதான். நான்காமவர், "என் பேரன் காலம் வரைக்கும் உழைக்கும்" என்று சத்தியமே செய்வார்.

நான்கு பேரும் பொய் சொல்லவில்லை. ஆனால் நான்கு பேரும் பேசுவது நான்கு வெவ்வேறு விஷயங்களை. விறைப்பு, வலிமை, களைப்பு, தணிப்பு என்று உலோகத்துக்கு நான்கு தனித்தனிக் குணங்கள் இருக்கின்றன. பேச்சுவாக்கில் இவை எல்லாம் "டைட்டானியம் ஃபீல்" என்ற ஒரே பைக்குள் விழுந்துவிடுகின்றன. அந்தப் பையைப் பிரித்துப் பார்த்தால் யார் சொல்வதில் எவ்வளவு உண்மை என்பது தெரிந்துவிடும். கணக்கு கொஞ்சம் வரும். பயப்படும்படி ஒன்றும் இல்லை.

முதலில், ஸ்டெம் என்பது எது?

ஹேண்டில்பாரையும், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவையான ஃபோர்க்கையும் இணைக்கும் குட்டையான உலோகத் துண்டுதான் ஸ்டெம். ஃபோர்க்கிலிருந்து மேலே வரும் குழாய்க்கு ஸ்டியரர் என்று பெயர். ஸ்டெம்மின் பின்பக்கம் இந்த ஸ்டியரரைக் கவ்விப் பிடிக்கும். முன்பக்கம் ஹேண்டில்பாரின் நடுப்பகுதியை ஒரு மூடியும், பெரும்பாலும் நான்கு போல்ட்டுகளும் சேர்ந்து இறுக்கிப் பிடிக்கும்.

இங்கே சில அளவுகளை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலான மவுண்டன் பைக்குகளில் ஸ்டெம் கவ்வுகிற இடத்தில் ஸ்டியரரின் விட்டம் 28.6 மில்லிமீட்டர். ஹேண்டில்பாரின் நடுவிட்டம் இன்றைக்கு 31.8 அல்லது 35 மில்லிமீட்டர். பழைய பைக்குகளில் 25.4. ஸ்டெம்மின் நீளம் என்பது ஸ்டியரரின் மையத்திலிருந்து ஹேண்டில்பாரின் மையம் வரை உள்ள தூரம். 1990களில் மவுண்டன் பைக்குகளில் 120 மில்லிமீட்டர், அதற்கும் மேல்கூட சர்வ சாதாரணம். இன்றைய பைக்குகளில் ஃபிரேம் நீண்டுவிட்டது, ஹேண்டில்பார் அகன்றுவிட்டது, ஸ்டெம் மட்டும் 35 முதல் 50 மில்லிமீட்டருக்குச் சுருங்கிவிட்டது. டைட்டானியம் ஸ்டெம் பற்றிய குழப்பத்தில் பாதி இந்தச் சுருக்கத்தில்தான் ஒளிந்திருக்கிறது.

ஒரு ஸ்கேலும் மேசை விளிம்பும்

ஓர் அடி நீளமுள்ள எஃகு ஸ்கேலை எடுத்துக்கொள்ளுங்கள். பாதியை மேசையின் மேல் அழுத்திப் பிடித்து, மீதிப் பாதியை விளிம்புக்கு வெளியே நீட்டிவிடுங்கள். நுனியில் விரலை வைத்து மெல்ல அழுத்தினால் வளையும். விரலை எடுத்தால் பழைய நிலைக்குத் திரும்பும். இவ்வளவு அழுத்தினால் இவ்வளவுதான் வளையும் என்கிற அந்த முரண்டுக்குப் பெயர் விறைப்பு.

இன்னும் பலமாக அழுத்தினால் ஒரு கட்டத்தில் ஸ்கேல் கோணலாகவே நின்றுவிடும், திரும்பி வராது. அந்தக் கட்டம் வரைக்கும் தாங்குகிற திறனை வலிமை என்கிறோம். விறைப்பும் வலிமையும் ஒன்றல்ல என்பதைக் கவனியுங்கள். நன்றாக வளைந்து கொடுத்தும் கோணாமல் திரும்புகிற பொருள் உண்டு. கொஞ்சமும் வளையாமல் திடீரென்று உடைகிற பொருளும் உண்டு.

அடுத்து, ஸ்கேலை கோணாத அளவுக்கு மட்டும் வளைத்து, விட்டு, மறுபடி வளைத்து என்று ஆயிரக்கணக்கான, லட்சக்கணக்கான முறை செய்வதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் வலிமையின் எல்லைக்குள்தான் இருக்கிறோம். இருந்தாலும் ஒருநாள் எங்கோ ஓர் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் தொடங்கி, மெல்ல வளர்ந்து, பட்டென்று உடையலாம். இதுதான் உலோகக் களைப்பு.

கடைசியாக நுனியை விரலால் சுண்டிவிடுங்கள். டிர்ர்ர் என்று துடித்து அடங்கும். எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்பது தணிப்பு. எஃகு ஸ்கேல் கொஞ்ச நேரம் துடிக்கும். அதே ஸ்கேலின் மேல் ஒரு ரப்பர் பட்டையை ஒட்டிவிட்டுச் சுண்டினால் சீக்கிரமே அடங்கிவிடும். ரப்பர் அந்தத் துடிப்பின் ஆற்றலை உள்ளுக்குள்ளேயே வெப்பமாக்கித் தீர்த்துவிடுகிறது.

ஆக, எவ்வளவு வளையும் என்பது விறைப்பு, எப்போது கோணும் என்பது வலிமை, எத்தனை முறை தாங்கும் என்பது களைப்பு, எவ்வளவு வேகமாக அடங்கும் என்பது தணிப்பு. "டைட்டானியம் அதிர்வை உறிஞ்சிக்கொள்ளும்" என்று யாராவது சொன்னால் அது இந்த நான்காவது குணத்தைப் பற்றிய கூற்று. அந்தக் கூற்று தவறு. டைட்டானியத்துக்குத் தணிப்பு மிகக் குறைவு. ஒரு டைட்டானியம் குழாயை நூலில் கட்டித் தொங்கவிட்டுத் தட்டினால் கணீரென்று நீண்ட நேரம் ஒலிக்கும். அதிர்வை உள்ளே வாங்கித் தீர்த்துவிடுகிற பொருள் அப்படி ஒலிக்காது.

ஓட்டுகிறவர்கள் தணிப்பு என்று நினைத்துப் பேசுவது பெரும்பாலும் வளைந்து கொடுப்பதைத்தான், அதாவது முதல் குணத்தை. சரி, டைட்டானியம் வளைந்து கொடுக்குமா?

மூன்று உலோகங்கள், மூன்று எண்கள்

ஒரு பொருள் தன் இயல்பிலேயே எவ்வளவு விறைப்பானது என்பதைக் குறிக்கும் எண்ணுக்கு யங் குணகம் என்று பெயர். பள்ளி இயற்பியலில் பார்த்திருப்பீர்கள். எஃகுக்கு இது ஏறக்குறைய 200 கிகாபாஸ்கல், டைட்டானியத்துக்கு 105 முதல் 115, அலுமினியத்துக்கு 70. அலகு என்னவென்று கவலைப்பட வேண்டாம், விகிதத்தை மட்டும் பாருங்கள். ஒரே அளவில், ஒரே தடிமனில் மூன்று குழாய்கள் செய்தால் எஃகைவிட டைட்டானியம் ஏறத்தாழ இரண்டு மடங்கு வளையும். அலுமினியமோ டைட்டானியத்தைவிடவும் அதிகமாக வளையும்.

இதைக் கேட்டதும் பலருக்குத் தலை சுற்றும். அலுமினியம் விறைப்பானது, கையைக் குலுக்கும் என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்? சொல்வது பொருளைப் பற்றியல்ல, பாகத்தைப் பற்றி. அலுமினியத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம், டைட்டானியத்துக்கு 4.5, எஃகுக்கு 7.8. அலுமினியம் இவ்வளவு லேசாக இருப்பதால் செய்கிறவர் தாராளமாகத் தடித்த சுவரோடும் அகன்ற விட்டத்தோடும் செய்கிறார். குழாயின் விறைப்பு விட்டத்தோடு மிக வேகமாக ஏறும்: சுவர்த் தடிமன் அப்படியே இருக்க, விட்டத்தை இரட்டிப்பாக்கினால் விறைப்பு ஏறக்குறைய எட்டு மடங்காகும். விறைப்புக் குறைந்த பொருளாக இருந்தாலும் பருத்த குழாயாகச் செய்துவிட்டால் அலுமினியம் கல்லாகிவிடும். டைட்டானியத்தில் அதே எடைக்கு அவ்வளவு பருமன் கிடைக்காது; சுவரைக் காகிதம்போல் மெலிதாக்க வேண்டி வரும், அப்போது நசுங்கிவிடும்.

வலிமையில் மட்டும் டைட்டானியம் ஒரு படி மேலே. ஸ்டெம்களில் பயன்படும் குழாய் பெரும்பாலும் கிரேடு 9 எனப்படும் கலவை: டைட்டானியத்தோடு 3 சதவீதம் அலுமினியம், 2.5 சதவீதம் வனேடியம். கட்டியிலிருந்து செதுக்கும் பாகங்களுக்குக் கிரேடு 5: 6 சதவீதம் அலுமினியம், 4 சதவீதம் வனேடியம். நிரந்தரமாகக் கோணத் தொடங்கும் எல்லை, சைக்கிளில் சகஜமான 6061 அலுமினியத்துக்கு ஏறக்குறைய 275 மெகாபாஸ்கல். 7075 அலுமினியத்துக்கு 500. கிரேடு 5 டைட்டானியத்துக்கு 800க்கு மேல்.

சுருக்கமாக, டைட்டானியம் எஃகைவிட விறைப்புக் குறைந்தது, அலுமினியத்தைவிட விறைப்பானது, வலிமையில் இந்த அலுமினியக் கலவைகளை நன்றாகவே முந்துகிறது. பாகம் எப்படி நடந்துகொள்ளும் என்பதை இந்த எண்கள் மட்டும் தீர்மானிப்பதில்லை. விட்டமும் தடிமனும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. இதில் நாலாவதாக ஒன்று இருக்கிறது, அதுதான் மற்ற எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுவது.

நீளம் செய்கிற வேலை

மறுபடி ஸ்கேலுக்கு வருவோம். விளிம்புக்கு வெளியே 20 சென்டிமீட்டர் நீட்டி அழுத்தினால் சுலபமாக வளைகிறது. உள்ளே தள்ளி 5 சென்டிமீட்டர் மட்டும் வெளியே விட்டு அழுத்திப் பாருங்கள். அசையவே அசையாது. பொருள் அதேதான், தடிமனும் அதேதான். வளைவு நீளத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுகிறது என்பதுதான் இதற்குக் காரணம். நீளம் நான்கில் ஒன்றாகக் குறைந்தால் வளைவு அறுபத்து நான்கில் ஒன்றாகிவிடும்.

இதை ஸ்டெம்மில் போட்டுப் பார்க்கலாம். 31.8 மில்லிமீட்டர் விட்டமும் 1.2 மில்லிமீட்டர் சுவரும் உள்ள டைட்டானியம் குழாயால் ஆன ஸ்டெம் என்று வைத்துக்கொள்வோம். ஹேண்டில்பார் மேல் 500 நியூட்டன் விசை, அதாவது 50 கிலோ எடை, நேராகக் கீழ்நோக்கி இறங்குகிறது. ஸ்டெம் 120 மில்லிமீட்டர் நீளமானால் முன்முனை சுமார் 0.2 மில்லிமீட்டர் தாழும். 50 மில்லிமீட்டர் நீளமானால் 0.014 மில்லிமீட்டர். இது தோராயக் கணக்குதான். வெல்டிங், கவ்விகளின் வடிவம் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். அவற்றைச் சேர்த்தாலும் விடை மில்லிமீட்டரின் சிறு பின்னத்தைத் தாண்டி வராது.

அதே நேரத்தில் மற்ற பாகங்கள் என்ன செய்கின்றன என்று பாருங்கள். 780 மில்லிமீட்டர் அகலமுள்ள ஹேண்டில்பாரில் ஸ்டெம்மின் விளிம்பிலிருந்து கை வரைக்கும் முப்பது சென்டிமீட்டருக்கு மேல் தொங்குகிறது. ஸ்கேலின் நீண்ட பக்கம் அது. அதே விசையைக் கைக்குப் பாதியாகப் பிரித்துக் கொடுத்தால் ஹேண்டில்பாரின் நுனிகள் சில மில்லிமீட்டர் தாழும், அதாவது குட்டை ஸ்டெம்மைவிடச் சில நூறு மடங்கு. கைப்பிடி ரப்பரும் கொஞ்சம் அமுங்கும். டயர் ஒரு சென்டிமீட்டருக்கு மேலேயே அமுங்கும். ஃபோர்க் மோதலின் வேகத்தைப் பொறுத்து 100 முதல் 170 மில்லிமீட்டர் வரைகூட உள்ளே போகக்கூடியது. இத்தனை பேர் நடுவே 0.014 மில்லிமீட்டர் வளைந்து கொடுக்கிற ஒருவர் கை வலியைத் தீர்த்தார் என்றால், மன்னிக்கவும், நான் நம்பத் தயாரில்லை.

1990களில் 130 மில்லிமீட்டர் டைட்டானியம் ஸ்டெம்மை, சஸ்பென்ஷன் இல்லாத ஃபோர்க்கோடு ஓட்டியவர்கள் "மெத்தென்று இருந்தது" என்று சொன்னதை அப்படித் தள்ளிவிட முடியாது. அவர்களுடைய ஸ்டெம் நீண்டது. பக்கத்தில் முட்டுக்கொடுக்க சஸ்பென்ஷன் இல்லை, டயர் ஒல்லி, ஹேண்டில்பார் குட்டை. ஸ்டெம்மின் பங்கு அன்றைக்குக் கண்டிப்பாகக் கூடுதல். அந்தக் காலத்துக் கருத்து இன்றைய 40 மில்லிமீட்டர் ஸ்டெம் மேலும் அப்படியே ஒட்டிக்கொண்டதுதான் கோளாறு.

முறுக்கு: குறை சொல்பவர்களின் நியாயம்

இதுவரை பார்த்தது நேராக மேலும் கீழும் வருகிற விசை. கல்லில் மோதும்போது இரண்டு கைகளும் ஏறக்குறைய சமமாக அழுந்தும், ஸ்டெம் கீழ்நோக்கி மட்டும் வளையும். செங்குத்தான ஏற்றத்தில் எழுந்து நின்று ஒரு கையால் ஹேண்டில்பாரை இழுக்கும்போது கதை வேறு. விசை ஸ்டெம்மின் மையத்திலிருந்து ஏறக்குறைய 37 சென்டிமீட்டர் தள்ளி விழுகிறது. அந்த நீண்ட நெம்புகோல் ஸ்டெம்மைத் தன் அச்சில் திருகப் பார்க்கும். இதற்கு முறுக்கு என்று பெயர்.

முறுக்கு நீளத்தின் மும்மடிக்கு மாறுவதில்லை, நீளத்துக்கு நேராகவே மாறுகிறது. அதனால் ஸ்டெம் குட்டையானாலும் முறுக்கு அவ்வளவு சுலபமாக மறைந்துவிடுவதில்லை. மேலே சொன்ன அதே 50 மில்லிமீட்டர் டைட்டானியம் குழாயில், ஒரு பக்கம் மட்டும் 300 நியூட்டன் இழுத்தால் ஹேண்டில்பாரின் நுனியில் அது கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர் அசைவாகத் தெரியும். 120 மில்லிமீட்டர் ஸ்டெம்மானால் நான்கு, ஐந்து மில்லிமீட்டர். இதோடு ஹேண்டில்பாரின் சொந்த வளைவும் சேரும்.

ஆகவே மெலிந்த குழாயில் செய்த டைட்டானியம் ஸ்டெம் முறுக்கிக்கொள்கிறது என்று பலசாலியான ஓட்டுநர் ஒருவர் சொன்னால் அதில் உண்மை இருக்கலாம், அதுவும் ஸ்டெம் நீளமாக இருந்தால். கட்டியிலிருந்து செதுக்கிய, சுவர் தடித்த ஸ்டெம்மில் இந்தப் புகார் எழ வாய்ப்புக் குறைவு. வேடிக்கை என்னவென்றால், புகழ்கிறவர்கள் பேசும் நேர்வளைவு இன்றைய ஸ்டெம்மில் கிட்டத்தட்ட இல்லை. திட்டுகிறவர்கள் பேசும் முறுக்கு கொஞ்சமாவது இருக்கிறது. பேச்சில் இருவரும் "வளையுது" என்ற ஒரே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

அப்படியானால் கைக்கு எது தெரிந்தது?

டைட்டானியம் ஸ்டெம் மாட்டியதும் வித்தியாசம் தெரிந்ததாகச் சொல்பவர்களில் பலருக்கு நிஜமாகவே தெரிந்திருக்கும். ஆனால் அதைத் தந்தது ஸ்டெம்மின் உலோகமாக இருக்க வேண்டியதில்லை.

முதல் சந்தேக ஆசாமி ஹேண்டில்பார். நடுவிட்டம் 35 மில்லிமீட்டர் உள்ள அலுமினிய ஹேண்டில்பார்கள் கையைக் குலுக்குகின்றன என்ற புகார் ஓட்டுகிறவர்களிடையே பரவலானது. விட்டத்தின் விளைவை ஏற்கெனவே பார்த்தோம்: ஒரே தடிமனில் 31.8க்குப் பதில் 35 என்றாலே அந்தப் பகுதியின் விறைப்பு மூன்றில் ஒரு பங்கு ஏறிவிடும். டைட்டானியம் ஸ்டெம்களில் 31.8 கவ்வி மிகச் சகஜம். ஆக, 35 அலுமினிய ஸ்டெம்மிலிருந்து மாறுகிறவர் கூடவே ஹேண்டில்பாரையும் மாற்ற வேண்டி வருகிறது. மென்மையைக் கொடுத்தது புது ஹேண்டில்பார், பெயர் வாங்கியது புது ஸ்டெம்.

அடுத்தது நீளமும் கோணமும். பழைய ஸ்டெம் 60 மில்லிமீட்டர், புதியது 45 என்றால், அல்லது புதியது சில டிகிரி கூடுதலாக மேல்நோக்கி இருந்தால், உடம்பின் எடை கைகளிலிருந்து கொஞ்சம் பின்னுக்கு நகரும். உள்ளங்கை அழுத்தம் குறையும். கை வலி போனதற்கு இது முழுமையான காரணமாகவே இருக்க முடியும். ஸ்டெம் எந்த உலோகத்தில் இருந்தாலும் இதே பலன் கிடைத்திருக்கும்.

டயர் காற்றைச் சொல்லவே வேண்டாம். இரண்டு பிஎஸ்ஐ கூடக்குறைய இருந்தாலே முன்சக்கரத்தின் சுபாவம் மாறிவிடும். ஸ்டெம் மாற்றிய அன்றைக்குத்தான் பலரும் பைக்கைத் துடைத்து, காற்றடித்து, எல்லாப் போல்ட்டுகளையும் சரிபார்க்கிறார்கள். ஒரு வார அழுக்கோடு ஓட்டிய பைக்குக்கும் இதற்கும் ஒப்பீடு எப்படி நியாயமாக இருக்கும்? கூடவே, காசைக் கொட்டி வாங்கியதை மனம் நல்லதாகவே உணர விரும்புகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உலோகத்தின் வேலை என்னவென்று தெரிய வேண்டுமானால், ஒரே நீளம், ஒரே கோணம், ஒரே ஹேண்டில்பார், அளந்து வைத்த ஒரே காற்றழுத்தம் என்று வைத்துவிட்டு, எது மாட்டியிருக்கிறது என்று ஓட்டுகிறவருக்குத் தெரியாதபடி மூடி, நண்பர் ஒருவரை மாற்றி மாற்றி மாட்டச் சொல்ல வேண்டும். அப்படிச் செய்யாமல் சொல்லப்படும் அனுபவங்கள் அனுபவங்களாக உண்மை, காரணமாக ஐயத்துக்குரியவை. கைக்கு மென்மைதான் வேண்டும் என்றால் செலவழிக்க வேண்டிய வரிசை டயர், கைப்பிடி ரப்பர், ஹேண்டில்பார். ஸ்டெம் அந்த வரிசையிலேயே இல்லை.

எடை

இங்கே நீட்டி முழக்க ஒன்றுமில்லை. நல்ல அலுமினிய மவுண்டன் பைக் ஸ்டெம் ஒன்று 100 முதல் 150 கிராம் இருக்கும். டைட்டானியம் ஸ்டெம் அதே அளவு, பல சமயம் கொஞ்சம் கூடுதல். எடையைக் குறைக்க டைட்டானியம் ஸ்டெம் வாங்குவது அர்த்தமில்லாத காரியம். கூடவே வரும் டைட்டானியம் போல்ட்டுகள் எஃகுப் போல்ட்டுகளைவிடச் சில கிராம் குறையலாம். அது போல்ட்டின் சாதனை.

உழைப்பு: இங்கேதான் டைட்டானியம் தலை நிமிர்கிறது

களைப்பு விஷயத்தில் உலோகங்கள் இரண்டு வகை. எஃகுக்கும் டைட்டானியக் கலவைகளுக்கும் ஒரு கீழ் எல்லை உண்டு. ஒவ்வொரு முறையும் வரும் விசை அந்த எல்லைக்குக் கீழே இருந்தால் நடைமுறையில் எத்தனை லட்சம் முறை வந்தாலும் விரிசல் தொடங்காது. இதைத் தாங்கு வரம்பு என்று சொல்லலாம். அலுமினியத்துக்கு அப்படிப் பளிச்சென்று ஓர் எல்லை கிடையாது. சிறு விசையானாலும் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும்.

இதைக் கேட்டுவிட்டு அலுமினிய ஸ்டெம்மைக் கழற்றி எறிய வேண்டாம். இந்தக் குறை வடிவமைப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் தேவைக்கு மேல் சதைப்பற்றோடு செய்கிறார்கள். சைக்கிளுக்கான ஐஎஸ்ஓ 4210 தரநிலையின் சோதனையில் ஹேண்டில்பாரையும் ஸ்டெம்மையும் சேர்த்து மாட்டி, விசையை மாற்றி மாற்றி லட்சக்கணக்கில் கொடுத்து ஆட்டிப் பார்க்கிறார்கள். அதில் தேறிய அலுமினிய ஸ்டெம் சாதாரண உபயோகத்தில் வருடக்கணக்கில் உழைக்கும்.

மறுபக்கம், "பேரன் காலம் வரை" என்பதற்கும் நிபந்தனைகள் உண்டு. டைட்டானியத்துக்கு ஆழமான கீறலும் கூர்மையான பள்ளமும் பிடிக்காது. விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். வெல்டிங் சரியில்லை என்றால் தாங்கு வரம்பைப் பற்றிப் பேசியே பயனில்லை. சூடான டைட்டானியம் காற்றிலுள்ள ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் உள்ளே இழுத்துக்கொண்டு நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும். அதனால் வெல்டிங் நடக்கும்போது வெளிப்பக்கம் மட்டுமல்ல, குழாயின் உட்பக்கமும் ஆர்கான் வாயுவால் நிரம்பியிருக்க வேண்டும்.

நல்ல வேலையைக் கண்ணாலேயே ஓரளவு பார்க்கலாம். ஸ்டெம்மை வெளிச்சத்தில் திருப்பிப் பிடித்து, குழாய் கவ்வியோடு சேரும் வளையத்தைக் கவனியுங்கள். வெல்டிங் தடம் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்த மெல்லிய செதில்களாக, சமமான இடைவெளியில், வெள்ளிப் பளபளப்பில் இருக்க வேண்டும். லேசான வைக்கோல் நிறம் பரவாயில்லை. நீலம் படர்ந்திருந்தால் ஆர்கான் போதவில்லை. சாம்பல் நிறத்தில் மாவு பூசினாற்போல் இருந்தால் அந்த ஸ்டெம்மை நான் தொடமாட்டேன். ஒரு எச்சரிக்கை: அழகுக்காக மின்முறையில் நிறமேற்றிய ஸ்டெம்களும் நீலமாகவோ ஊதாவாகவோ இருக்கும். அது வெல்டிங் தடத்தை ஒட்டி மட்டும் படர்ந்திருக்காது, வேண்டிய இடத்தில் தெளிவான ஓரத்தோடு இருக்கும். மேற்பரப்பு சீராக இருப்பதற்காகத் தேய்த்தெடுத்த ஸ்டெம்மில் இந்த நிறங்கள் எதுவும் மிஞ்சியிருக்காது. அங்கே செய்தவரின் பேரை நம்பித்தான் வாங்க வேண்டும். அமெரிக்காவின் மூட்ஸ், லின்ஸ்கி போன்ற டைட்டானியம் ஃபிரேம் செய்கிற நிறுவனங்கள் ஸ்டெம்களும் செய்வதற்கு இந்த வெல்டிங் கைப்பழக்கமே முதல் காரணம்.

துருவைப் பொறுத்தவரை போட்டியே இல்லை. காற்றுப் பட்டதும் டைட்டானியத்தின் மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகிவிடும். சுரண்டினால் மறுபடி தானே வரும். வியர்வை, மழை, சேறு, உப்புக் காற்று எதுவும் அதைத் தொடாது. பெயிண்ட் தேவையில்லை. உரசல் விழுந்தால் சமையலறை நார் போன்ற சொரசொரப்பான பட்டையால் ஒரே திசையில் தேய்த்தால் புதிதுபோல் ஆகிவிடும். என்னைக் கேட்டால் டைட்டானியம் ஸ்டெம் வாங்க நேர்மையான காரணம் இதுதான்: ஐந்து பைக் மாறினாலும் அதே ஸ்டெம் அதே முகத்தோடு கூடவே வரும். "பார்க்க அழகா இருக்கு, அவ்வளவுதான்" என்று சொன்ன அந்த மூன்றாமவரை நான் ஏளனமாக நினைக்கவில்லை. மற்றவர்களைவிட அவர்தான் தெளிவாக இருக்கிறார்.

விலை ஏன் இப்படி?

டைட்டானியம் அரிய உலோகம் அல்ல. பூமியின் மேலோட்டில் அதிகமாக உள்ள தனிமங்களில் ஒன்பதாவது இடம் அதற்கு. தாதுவிலிருந்து பிரிப்பதுதான் பாடு. லக்சம்பர்க்கைச் சேர்ந்த வில்லியம் க்ரோல் 1940இல் காப்புரிமை பெற்ற முறையே இன்றும் அடிப்படை: தாதுவைக் குளோரினோடு சேர்த்து டைட்டானியம் டெட்ராகுளோரைடாக்கி, காற்றுப் புகாத கலத்தில் உருகிய மக்னீசியத்தோடு வினைபுரியவிட்டு, பஞ்சுபோன்ற டைட்டானியத்தைத் தொகுதி தொகுதியாக எடுக்க வேண்டும். பிறகு வெற்றிடத்தில் உருக்க வேண்டும். செதுக்குவதும் சுலபமல்ல. இந்த உலோகம் வெப்பத்தைக் கடத்துவதில் மந்தம், அதனால் சூடு முழுவதும் வெட்டும் கருவியின் முனையிலேயே தேங்கிவிடும். மெதுவாகத்தான் வெட்ட முடியும், கருவியும் சீக்கிரம் தேயும்.

மாட்டும்போது

டைட்டானியத்துக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. டைட்டானியத்தோடு டைட்டானியம் அழுந்தி உரசினால் மேற்படலம் கிழிந்து இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஸ்டெம்மின் மரை டைட்டானியம், போல்ட்டும் டைட்டானியம் என்றால், உலர்ந்தபடி இறுக்கினால் ஒருநாள் கழற்ற முடியாமல் போகும், அல்லது மரையோடு பிய்ந்து வரும். மரையில் பிடித்துக்கொள்ளாமல் தடுக்கும் பசை தடவிய பிறகே இறுக்க வேண்டும். எஃகுப் போல்ட்டுகள் போட்டாலும் இதைச் செய்வது நல்லது.

இறுக்கும் அளவு ஸ்டெம்மின் மேலேயே அச்சிட்டிருக்கும், பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர் அளவில். ஸ்டெம் டைட்டானியமாயிற்றே என்று கூடுதலாக இறுக்கக் கூடாது. ஸ்டெம் தாங்கும், உள்ளே இருக்கிற கார்பன் ஹேண்டில்பாரும் ஸ்டியரரும் தாங்க வேண்டுமே. இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கொண்டு, முன்மூடியின் நான்கு போல்ட்டுகளைக் குறுக்கு மறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். மூடிக்கும் ஸ்டெம்முக்கும் நடுவே மேலேயும் கீழேயும் தெரியும் இடைவெளி சமமாக இருக்க வேண்டும் என்பது பெரும்பாலான ஸ்டெம்களுக்குப் பொருந்தும். ஒரு பக்கம் முட்டிக்கொண்டு மறுபக்கம் பிளந்திருந்தால் ஒரு ஜோடி போல்ட்டுகள் மட்டும் எல்லாச் சுமையையும் வாங்குகின்றன என்று அர்த்தம்.

"டைட்டானியம் ஸ்டெம் கிறீச்சிடுது" என்ற புகாரும் அடிக்கடி காதில் விழும். சத்தம் பெரும்பாலும் உலோகத்திலிருந்து வருவதில்லை. ஹேண்டில்பாருக்கும் கவ்விக்கும் நடுவே புகுந்த மணலும், சரியாக இறுகாத போல்ட்டும்தான் காரணம். கழற்றி, இரு பரப்புகளையும் துடைத்து, கார்பன் பாகமாக இருந்தால் அதற்குரிய சொரசொரப்புப் பசை தடவி, அளவாக இறுக்கினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

பழையது வாங்குகிறவர்களுக்கு

அரிக்காத உலோகம் என்பதால் டைட்டானியம் ஸ்டெம்கள் கை மாறிக் கை மாறி விற்பனைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. இருபது, முப்பது வருடப் பழசும் புதிதுபோல் மின்னும். மின்னுவதைப் பார்த்து மயங்குவதற்கு முன் அளவுகளைக் கேளுங்கள். ஹேண்டில்பார் கவ்வி 25.4 என்றால் இன்றைய ஹேண்டில்பார் அதில் போகாது. நீளம் 110, 120 என்றால் இன்றைய நீண்ட ஃபிரேமில் மாட்டினால் உடம்பு முன்சக்கரத்துக்கு மேல் தொங்கும், திருப்பம் மந்தமாகும். ஸ்டியரரின் உள்ளே நுழைந்து விரிந்து பிடிக்கிற பழைய வகையாக இருந்தால் இன்றைய ஃபோர்க்குக்குப் பயனே இல்லை.

அளவுகள் பொருந்தினால், கவ்விகளின் உள்விளிம்புகளையும் வெல்டிங் வளையத்தையும் சுத்தமாகத் துடைத்து, கைவிளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். முடி போன்ற நேர்கோடு ஒன்று நகம் வைத்தால் தட்டுப்படுகிறதா? துடைத்தாலும் போகவில்லையா? அது விரிசலாக இருக்கலாம். பேரம் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். போல்ட் மரைகளில் கையாலேயே போல்ட்டைச் சுற்றிப் பார்க்க வேண்டும்; நடுவில் எங்காவது பிடித்தால் முந்தைய சொந்தக்காரர் பசை தடவாமல் இறுக்கியிருக்கிறார். எல்லாம் சரியாக இருந்தாலும் பழைய போல்ட்டுகளை நம்ப வேண்டாம். அதே அளவில் புதுப் போல்ட்டுகள் வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.